விமானத் தீயணைப்பு வாயுவை அகச்சிவப்பு ஒளியால் அளப்பது எப்படி: தண்ணீர் கேனில் ஒரு முழுச் செய்முறை

வேதாளையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தால் கடற்படை ஹெலிகாப்டர்கள் தலைக்கு மேல் கடந்து போகும். 2009ல் ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர் பெற்ற உச்சிப்புளி விமானத்தளம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் சிலர் இந்த மாடிக்கு வருவார்கள். பல வருடம் விமானப் பராமரிப்பு வேலையில் இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பேன்.

ஒருநாள் தீயணைப்பு பாட்டில்களை எப்படிச் சோதிப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாட்டிலைக் கழற்றி எடை போடுவோம், அழுத்தமானியைப் பார்ப்போம், இரண்டும் சரியாக இருந்தால் மாட்டிவிடுவோம். ஒரு பிள்ளை கேட்டாள்: "மாமா, பாட்டில் நிறைய இருக்குன்னு எடை சொல்லுது. தீ இருக்கிற இடத்துக்கு அது போய்ச் சேர்ந்துச்சான்னு எது சொல்லும்?"

இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்விக்கான பதில். ஊற்றியது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு. போய்ச் சேர்ந்ததை அளக்க அகச்சிவப்பு ஒளி உதவுகிறது. கீழே சொல்லும் கருவியை ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேன், மூன்று சென்சார், சமையல் சோடா, வினிகர் ஆகியவற்றைக் கொண்டு நாங்களே மாடியில் செய்தோம். நீங்களும் செய்யலாம்.

முதலில் எந்த எண்ணைத் தேடுகிறோம் என்று தெரியவேண்டும்

விமான எஞ்சினைச் சுற்றி ஒரு கூடு இருக்கும். சூடு தேங்காமலிருக்க அதற்குள் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். தீ பிடித்தால் விமானி கைப்பிடியை இழுத்துப் பொத்தானை அழுத்துவார், பாட்டிலில் இருக்கும் ஹாலான் 1301 வாயு கூட்டுக்குள் பாயும். ஓடும் காற்று அதைச் சில நொடிகளிலேயே வெளியே தள்ளிவிடும். ஆகவே அந்தச் சில நொடிக்குள் வேலை முடிந்தாகவேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1977ல் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பு இதற்கு ஓர் அளவுகோல் வைத்தது: கூட்டுக்குள் 12 இடங்களில் குழாய் வைத்து வாயுவை உறிஞ்சி அளக்கவேண்டும், பன்னிரண்டிலும் ஒரே சமயத்தில் கன அளவில் 6 சதவீதம் ஹாலான், குறைந்தது அரை நொடி நிற்கவேண்டும்.

"ஒரே சமயத்தில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பதினோரு இடத்தில் 9 சதவீதம் இருந்து, ஒரு மூலையில் 4 சதவீதம்தான் என்றால் அந்த மூலையில் தீ உயிரோடு இருக்கும். வாயு போன அடுத்த நொடி மறுபடி பரவும். சராசரி எடுத்துப் பார்த்தால் இது தெரியாது.

சரக்கு அறையில் கதை வேறு. அங்கே பெட்டிக்குள், பொட்டலத்துக்குள் ஆழத்தில் தீ கனன்றுகொண்டிருக்கும். அதை முழுக்க அணைத்துவிடலாம் என்று யாரும் எண்ணுவதில்லை. தரை இறங்கும்வரை அடக்கி வைப்பதே வேலை. முதலில் ஒரு பாட்டில் வேகமாகத் திறந்து 5 சதவீதத்துக்குக் கொண்டுபோகும். அப்புறம் இன்னொன்று சிறுகச் சிறுக விட்டு 3 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பிடித்து வைக்கும். நடுக்கடலுக்கு மேலே இருந்தால் அடுத்த ஓடுதளம் மூன்று மணி நேரம் தள்ளிக்கூட இருக்கலாம்.

1996 மே மாதம் ஃபுளோரிடாவில் வேலூஜெட் 592 என்ற பயணிகள் விமானம் விழுந்து 110 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தின் சரக்கு அறையில் தீ கண்டறியும் கருவியும் இல்லை, அணைக்கும் வாயுவும் இல்லை. அறை இறுக்கமானது, ஆக்சிஜன் தீர்ந்து தீ தானே அடங்கிவிடும் என்பது அந்த வகை அறைக்கான கணக்கு. உள்ளே ஏற்றப்பட்டிருந்ததோ ஆக்சிஜனை உண்டாக்கும் வேதிக் குப்பிகள். 1998ல் விதி மாறியது. அந்த வகை அறைகளில் தீ கண்டறியும் கருவியும் அணைக்கும் வாயுவும் இருந்தே தீரவேண்டும் என்றானது. அளந்து பார்க்காத ஒரு நம்பிக்கையின் விலை அது. அந்த விபத்து அறிக்கையைப் படித்த பிறகு எந்தப் பாட்டிலையும் நான் அவசரமாக எடை போட்டதில்லை.

ஒளி வாயுவை எப்படி எண்ணுகிறது

ஒவ்வொரு வாயு மூலக்கூறும் தனக்கென்று சில அலைநீளங்களில் அகச்சிவப்பு ஒளியை விழுங்கும். கரியமில வாயு 4.26 மைக்ரானில் பலமாக விழுங்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஹாலான் 1301ல் கார்பனும் ஃப்ளோரினும் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பு அதிர்வது 8.3, 9.2 மைக்ரான் பக்கத்தில். ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளியுணர் கருவி, நடுவில் வாயு. வந்து சேர்ந்த ஒளி எவ்வளவு குறைந்ததோ அதை வைத்து வாயு எவ்வளவு என்று கணக்கிடலாம்.

கணக்கு நேர்கோட்டில் போகாது. உங்கள் குழாயில் 5 சதவீத வாயு ஒளியில் ஐந்தில் ஒரு பங்கை விழுங்குகிறது என்று வையுங்கள், 80 மிஞ்சுகிறது. 10 சதவீத வாயு மறுபடி அந்த 80ல் ஐந்தில் ஒரு பங்கை விழுங்கும், 64 மிஞ்சும். வாயு இரட்டித்தும் விழுங்கியது 20லிருந்து 36தான் ஆனது. வேண்டிய அலைநீளத்தை மட்டும் விடுவதற்காக ஒளியுணர் கருவியின் முன் வைக்கும் வடிகட்டிகள், வாயு விழுங்காத அலைநீளங்களையும் கொஞ்சம் உள்ளே விடுவதால் வளைவு இதைவிடச் சீக்கிரமே படுத்துவிடும். அதனால்தான் அளவுத்திருத்தத்துக்கு, அதாவது தெரிந்த அளவு வாயுவைக் காட்டிச் சென்சாரின் எண்ணைச் சரிசெய்வதற்கு, இரண்டு புள்ளி போதாது என்று பின்னால் சொல்லப்போகிறேன்.

விளக்கு மங்கினாலும், தூசி படிந்தாலும் ஒளி குறையுமே? அதற்கு இரண்டாவது கண் வேண்டும். எந்த வாயுவும் பெரிதாக விழுங்காத 3.9 அல்லது 4 மைக்ரானில் இன்னொரு உணர்கருவி வைத்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பார்ப்பார்கள். விளக்கு மங்கினால் இரண்டும் சேர்ந்து மங்கும், விகிதம் மாறாது.

இங்கே கொஞ்சம் நின்று நம் ஊர்ச் சங்கதி ஒன்றைச் சொல்லவேண்டும். வாயுக்கள் வெப்பக் கதிரை விழுங்குவதை 1859ல் லண்டனில் அளக்கத் தொடங்கியவர் ஜான் டிண்டால். நீண்ட பித்தளைக் குழாய் ஒன்றில் வாயுவை அடைத்தார். குழாயின் இரு முனையையும் எதைக்கொண்டு மூடுவது? கண்ணாடி வெப்பக் கதிரை மறித்துவிடும். அவர் பயன்படுத்தியது பாறை உப்பைத் தேய்த்து மெருகேற்றிய தகடு! வாலிநோக்கம் உப்பளத்தில் குவிந்து கிடக்கிறதே, அதே சோடியம் குளோரைடுதான். சுத்தமான உப்புப் படிகம் 15 மைக்ரான் வரை அகச்சிவப்பை அப்படியே விடும். விளக்கு ஏறி இறங்குவதைச் சமன் செய்ய எதிர்ப்பக்கம் இன்னொரு வெப்ப மூலத்தையும் வைத்திருந்தார் டிண்டால். இன்றைய இரண்டாவது கண்ணின் தாத்தா அது.

உப்பளம் வைத்திருக்கும் மாவட்டத்துப் பிள்ளைகள் இந்தத் துறையை ஏதோ தூர தேசத்து வித்தை என்று நினைத்து ஒதுங்கவேண்டாம் என்பதற்காகவே இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

உப்பு ஜன்னலுக்கு ஒரே எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நம் கரையில் விடியற்காலை அதைத் தாண்டாத நாள் குறைவு. அதனால் ஹாலான் அளக்கும் கருவிகளில் பேரியம் ஃப்ளோரைடு, துத்தநாக செலினைடு போன்றவற்றை ஜன்னலாக வைப்பதே நல்லது. கரியமில வாயுவுக்கு 4.26 மைக்ரான்தான் என்பதால் நீலமணிக்கல் ஜன்னலே போதும்.

படி 1: சாமான் சேர்ப்பது

அசல் ஹாலானைத் தேடிப் போகாதீர்கள். ஓசோன் படலத்தைத் தின்னும் வாயு அது. மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகளில் 1994லேயே அதன் உற்பத்தி நின்றுவிட்டது, நம் நாட்டிலும் 2000ஆம் ஆண்டு விதிகளின்கீழ் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நாம் அதற்குப் பதிலாகக் கரியமில வாயுவை வைக்கிறோம். ஒன்றை மறக்கவேண்டாம்: 6 சதவீதக் கரியமில வாயு தீயை அணைக்காது. ஹாலான் தன் புரோமினால் தீயின் வேதிச் சங்கிலியையே அறுப்பதால் குறைந்த செறிவிலும் அணைக்கிறது. கரியமில வாயுவால் மூடிய அறையை நிரப்பி அணைக்கவேண்டுமானால் குறைந்தது 34 சதவீதம் வேண்டும். நாம் பழகப்போவது அளக்கும் வித்தையை மட்டும்.

20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று. நிறையத் தண்ணீர் ஊற்றி அதன் சரியான கொள்ளளவை அளந்து கேனிலேயே எழுதிவிடுங்கள். கரியமில வாயுவுக்கான அகச்சிவப்பு சென்சார் மூன்று, 0 முதல் 20 சதவீதம் வரை அளப்பவை. இதில்தான் பலர் தவறுவார்கள். ஏ.சி. அறையின் காற்றுத் தரம் பார்க்க விற்கும் மலிவு சென்சார்கள் பெரும்பாலும் 5,000 பி.பி.எம்.மோடு நின்றுவிடும், அது வெறும் அரை சதவீதம். வாங்குமுன் அளவு வரம்பைப் பாருங்கள்.

சென்சாரின் எண்களைப் படிக்க ஆர்டுயினோ மெகா என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, நான்கு சீரியல் வாய் இருப்பதால் மூன்று சென்சாரையும் நேரே மாட்டலாம். அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் மூன்றும் சொல்லும் சிறு சென்சார் ஒன்று. 40 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் விசிறி, கேன் வாய்க்குள் பக்கவாட்டில் நுழையும். கேனுக்குள் வெளிக்காற்றை நிமிடத்துக்கு 2 லிட்டர் தள்ளும் மீன்தொட்டி மோட்டார். மருந்துக்கடை டிரிப்ஸ் செட் ஒன்று. 250 மில்லி கண்ணாடி பாட்டில், ரப்பர் மூடி, சிலிக்கான் குழாய், 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று, 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று. கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு.

படி 2: கேனைக் கட்டுவது

கேனின் பக்கச் சுவரில் அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு துளை, நடுவில் ஒன்று, தோளுக்குச் சற்றுக் கீழே ஒன்று. மூன்று சென்சாரும் உள்நோக்கிப் பார்க்கும்படி வைத்துச் சிலிக்கான் பசையால் அடைத்து ஒருநாள் காயவிடுங்கள். அழுத்த சென்சாரை நடுத்துளைக்குப் பக்கத்தில் வையுங்கள். வாயு நுழைய அடியில் ஒரு குழாய், வெளியேற மூடியில் ஒரு குழாய். வெளியேறும் குழாய் இல்லாமல் வாயுவை விட்டால் கேன் உப்பும், அளவும் பொய்க்கும். விசிறியை நடு உயரத்தில் கம்பியில் தொங்கவிட்டுச் சுவிட்சை வெளியே கொண்டுவாருங்கள்.

சென்சாரின் சீரியல் கம்பி 3.3 வோல்ட் வகையாக இருந்தால் மெகாவின் 5 வோல்ட்டை நேரே கொடுக்காதீர்கள். இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைத்துக் கொடுங்கள்.

அப்புறம், மிக முக்கியம்: பல சென்சார்களில் பூஜ்யத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி இருக்கும். சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு அது தன்னை மாற்றிக்கொள்ளும். நம் கேனில் நாள் முழுக்க 3 சதவீதம் நின்றால் அதையே பூஜ்யம் என்று நம்பிவிடும். கையேட்டைப் பார்த்து அதை அணைத்துவிடுங்கள்.

படி 3: பூஜ்யமும் அளவுத்திருத்தமும்

பூஜ்யத்துக்குச் செலவே இல்லை. வெளிக்காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான் இருக்கும். 20 சதவீத சென்சாருக்கு அது பூஜ்யம்தான். மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து காற்று வீசும் நேரம் மாடியில் கேனைத் திறந்து வைத்து, மோட்டாரை அரைமணி ஓட்டி, மூன்று சென்சாருக்கும் பூஜ்யக் கட்டளை கொடுங்கள். சுற்றி நிற்காதீர்கள். நாம் விடும் மூச்சில் ஏறத்தாழ 4 சதவீதம் கரியமில வாயு இருக்கிறது. முதல் தடவை ஏழு பேர் கேனைச் சூழ்ந்து நின்றோம், பூஜ்யம் நிலைக்கவே இல்லை. மூச்சின் இந்தக் குணத்தை நல்லதுக்கும் பயன்படுத்தலாம். சென்சாரில் ஏதோ கோளாறு என்று சந்தேகம் வந்தால் குழாயில் மெதுவாக ஊதுங்கள், கடைசி மூச்சுக்கு 4 அல்லது 5 காட்டினால் சென்சார் உயிரோடு இருக்கிறது.

மற்றப் புள்ளிகளைச் சிரிஞ்சில் செய்யலாம். கண்ணாடி பாட்டிலில் சோடாவும் வினிகரும் கலந்து, முதலில் வரும் காற்றுக் கலப்பை வீணாக விட்டுவிட்டு, அப்புறம் வரும் சுத்த வாயுவைச் சிறிய சிரிஞ்சில் இழுங்கள். 1.5 மில்லி வாயுவைப் பெரிய சிரிஞ்சில் செலுத்தி வெளிக்காற்றால் 50 வரை நிரப்பினால் 3 சதவீதம். 2.5 மில்லி என்றால் 5 சதவீதம், 3 மில்லி என்றால் 6, 5 மில்லி என்றால் 10. ஒவ்வொன்றையும் ஒரு சிறு குப்பி வழியாகச் சென்சார் முகத்தில் மூன்று முறை தள்ளிக் கழுவியபிறகே எண்ணைக் குறியுங்கள். பூஜ்யத்தோடு சேர்த்து ஐந்து புள்ளி கிடைக்கும். அவற்றின் வழியாக வளைகோடு போடுங்கள், நேர்கோடு வேண்டாம். மூன்று சென்சாருக்கும் தனித்தனி வளைகோடு.

படி 4: அழுத்தமும் வெப்பமும்

ஒளி சதவீதத்தை எண்ணுவதில்லை, தன் வழியில் நிற்கும் மூலக்கூறுகளைத்தான் எண்ணுகிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1013 மில்லிபார். பறக்கும் விமானத்தின் உட்பகுதியை 8,000 அடி உயரத்துக்குச் சமமாக வைத்தால் அங்கே 753 தான். அதே 5 சதவீத வாயு, மூலக்கூறு குறைவு. திருத்தம் செய்யாத சென்சார் 3.7 என்று காட்டும். ஆகவே அளவை 1013ஆல் பெருக்கி அப்போதைய அழுத்தத்தால் வகுக்கவேண்டும். வெப்பத்துக்கு இதன் தலைகீழ்: அப்போதைய வெப்பத்தால் பெருக்கி, சென்சாரைத் திருத்தியபோது இருந்த வெப்பத்தால் வகுக்கவேண்டும், இரண்டும் பூஜ்யத்துக்குக் கீழே 273 டிகிரியிலிருந்து எண்ணும் கெல்வின் அளவில். 25 டிகிரியில் திருத்திய சென்சார் 35 டிகிரி மத்தியானத்தில் 6 சதவீதத்தை 5.8 என்று குறைத்துச் சொல்லும். அசல் ஹாலான் சுழியத்துக்குக் கீழே 58 டிகிரியில் கொதிப்பது, பாய்ந்து விரியும்போது கூடு சட்டென்று குளிரும். அங்கே இந்தத் திருத்தம் நொடிக்கு நொடி ஓடவேண்டும்.

இது முதல்படித் திருத்தம்தான். அழுத்தம் மாறினால் மூலக்கூறு ஒளியை விழுங்கும் விதமும் சற்று மாறும். நம் மாடியில் அதைப்பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

படி 5: எஞ்சின் சோதனை

84 கிராம் சமையல் சோடா முழுக்க வினைபுரிந்தால் 30 டிகிரியில் சுமார் 24.9 லிட்டர் வாயு தரும். 20 லிட்டர் கேனில் 6 சதவீதம் வரவேண்டும். உள்ளே வாயு நுழைய நுழையக் கலவையில் கொஞ்சம் வெளியேறும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 1.24 லிட்டர் வேண்டும், அதாவது 4.2 கிராம் சோடா. பாட்டிலில் 100 மில்லி வினிகர் ஊற்றி, சோடாவை டிஷ்யூ பேப்பரில் பொட்டலமாக மடித்துப் போட்டு, உடனே மூடி அழுத்துங்கள். விசிறி ஓடவேண்டாம்.

எங்களுக்குக் கிடைத்தது: கீழ் சென்சார் 13, நடு 2, மேல் 0.3. கணக்கில் 6 சதவீத வாயு உள்ளே போயிருக்கவேண்டும், ஆனால் மேல் மூலைக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தண்ணீர் மாதிரி அடியில் தேங்கிவிட்டது. ஹாலான் 1301 காற்றைவிட ஐந்து மடங்கு கனம். எஞ்சின் கூட்டில் துளைக்குழாயை எங்கே வைத்து எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது என்று அந்த மூன்று எண்களைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. கேள்வி கேட்ட பிள்ளை தன் நோட்டில் மூன்றையும் எழுதிக் கட்டம் போட்டுக்கொண்டாள்.

விசிறியைப் போட்டோம். அரை நிமிடத்தில் மூன்றும் ஒன்றாகி 5 பக்கம் நின்றன. 6 எங்கே போனது? பாட்டிலின் காலி இடத்தில் வாயு நின்றுவிட்டது, வினிகரிலும் கொஞ்சம் கரைந்துவிட்டது, இரண்டுமாக 200 மில்லி. விமானத்திலும் இதேதான்: பாட்டிலிலும் குழாயிலும் கொஞ்சம் தங்கும். சோடாவை 5 கிராமாக்கி மறுபடி செய்தபோது மூன்றும் 6ஐத் தாண்டின. விசிறியோடு, விசிறியில்லாமல், நுழையும் குழாயை மேலே மாற்றி என்று ஆறு தடவையாவது செய்யுங்கள். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் மோட்டாரால் கேனைக் கழுவி மூன்றும் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்கள்.

படி 6: அரை நொடியைப் பிடிப்பது

நொடிக்கு ஒரு தடவை எண் சொல்லும் சென்சாரால் அரை நொடி நிகழ்வைப் பார்க்கமுடியாது. உங்கள் சென்சாரின் வேகத்தை அளந்து வையுங்கள். 10 சதவீத வாயுவை முகத்தில் சட்டென்று தள்ளி, எண் 9ஐத் தொட எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். எங்களுடையது இருபது நொடிக்கு மேல் எடுத்தது. சென்சாரின் முகத்தில் இருக்கும் பாதுகாப்புச் சவ்வு வழியாக வாயு ஊறி நுழைவதுதான் காரணம்.

குழாய் வழியாக உறிஞ்சி அளக்கும் முறையில் இன்னொரு தாமதம் சேரும். 3 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 10 மீட்டர் குழாயில் 71 மில்லி காற்று இருக்கும். நிமிடத்துக்கு 4.2 லிட்டர் உறிஞ்சினால்தான் ஒரு நொடித் தாமதத்தில் வந்து சேரும். ஆகவே விமானச் சோதனையில் பன்னிரண்டு குழாயும் ஒரே நீளமாக வெட்டப்படவேண்டும். ஒன்று நீண்டிருந்தால் "ஒரே சமயத்தில்" என்ற சொல்லே பொருளிழந்துவிடும். பழைய கருவிகள் வாயுவை நுண்துளை அடைப்பு வழியாக இழுத்து, அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்பதை வைத்துச் செறிவைச் சொன்னவை. 1990களில் அமெரிக்கத் தரநிலை ஆய்வகத்தில் உறிஞ்சுகுழாயே இல்லாமல், வாயு பாயும் இடத்திலேயே அகச்சிவப்புக் கருவியை வைத்து, நொடியில் நூறில் ஒரு பங்கை இலக்காக வைத்து அளக்க முயன்றார்கள். ஹாலானுக்கு மாற்றாக வந்த வாயுக்கள் பாயும் வேகத்தை அவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள்.

படி 7: சரக்கு அறைச் சோதனை

எனக்கு மிகவும் பிடித்த படி இது. விசிறியைப் போட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு, கேனை 5 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது மோட்டாரை ஓட்டுங்கள். நிமிடத்துக்கு 2 லிட்டர் வெளிக்காற்று உள்ளே வருகிறது. விமானச் சரக்கு அறையின் கதவு ரப்பர் வழியாகவும் சுவர் இடுக்கு வழியாகவும் நடக்கும் கசிவு இதுதான். 20 லிட்டரை 2 லிட்டரால் வகுத்தால் 10 நிமிடம். கணக்குப்படி 5 சதவீதம் 3க்கு இறங்க 5 நிமிடமும் சில நொடியும் ஆகும். கடிகாரத்தோடு உட்கார்ந்து பாருங்கள், வரும் எண் இதிலிருந்து அதிகம் விலகினால் கேனில் எங்கோ ஓட்டை இருக்கிறது. கதவு ரப்பரை மாற்றச் சொல்லிப் பராமரிப்பு அட்டையில் ஏன் அத்தனை கண்டிப்பாக எழுதுகிறார்கள் என்று இந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி 3ல் பிடித்து வைக்கவேண்டும். நிமிடத்துக்கு 2 லிட்டர் கசிவுக்கு 3 சதவீதம் என்றால் 60 மில்லி வாயு வேண்டும். பாட்டிலில் 25 கிராம் சோடா போட்டு, டிரிப்ஸ் பாட்டிலில் வினிகரை ஊற்றி உயரத்தில் தொங்கவிட்டு, ஊசிக்குழாயை ரப்பர் மூடி வழியாக நுழையுங்கள். 4 சதவீத வினிகர் நிமிடத்துக்கு 3.6 மில்லி சொட்டவேண்டும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் சாதாரண டிரிப்ஸ் செட்டில் அது நிமிடத்துக்கு 72 சொட்டு. உருளையை நகர்த்தி எண்ணிச் சரிசெய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 216 மில்லி வினிகர் போகும். பாட்டில் பாதிக்கு மேல் நிறையத் தொடங்கினால் அதை நிறுத்தி, சோடா போட்ட இன்னொரு பாட்டிலை மாட்டுங்கள்.

கேன் 3.2ல் இருக்கும்போதே சொட்டைத் தொடங்குங்கள். வினிகர் முதலில் தன்னுள் வாயுவைக் கரைத்துக்கொள்வதால் பலன் தெரியச் சில நிமிடம் ஆகும். 3ஐத் தொட்டபிறகு தொடங்கினால் 2.6 வரை சறுக்கி மெல்ல ஏறிவரும், நாங்கள் சறுக்கினோம். விமானத்தில் அந்த 2.6க்கு மன்னிப்பு கிடையாது.

நம் கரையின் தொந்தரவுகள்

தை மாத விடியலில் ஒருநாள் யாரும் வாயு விடாமலே கீழ் சென்சார் 1.4 சதவீதம் காட்டியது. சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கக் காசு திரட்டிவிட்டார்கள் பிள்ளைகள். வெயில் ஏறியதும் எண் தானாகப் பூஜ்யத்துக்கு வந்தது. ஜன்னலில் பனி படிந்திருக்கிறது. நீர்ப்படலம் 4.26 மைக்ரானையும் 3.9ஐயும் ஒரே அளவில் மறைக்காது, ஆகவே இரண்டாவது கண் வைத்திருந்தும் விகிதம் பிசகிவிட்டது. இதற்கு மருந்து சூடு. சென்சாரின் உலோகக் கூட்டில் சிறு ரெசிஸ்டர் ஒட்டி, சுற்றுச்சூழலைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாக வைத்தோம். கையேடு அனுமதிக்கும் வெப்பத்தைத் தாண்டக்கூடாது. அதன்பிறகு பூஜ்யத் திருத்தத்தை மறுபடி செய்தாகவேண்டும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்புத் தூசிதான் பெரிய எதிரி. கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் சுத்த உப்பைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும், சமையலறை உப்பு ஜாடி அழுவதைப் பார்த்திருப்பீர்களே! மோட்டாரின் உறிஞ்சு வாயில் டெஃப்லான் சவ்வு வடிகட்டி போடுங்கள். மின்பலகையின் கால்களில் பச்சை பூக்காமலிருக்க, சென்சார் ஜன்னலைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு, பாதுகாப்புப் பூச்சு அடியுங்கள்.

அசல் ஹாலானுக்கு என்ன மாறும்

இந்தக் கேனில் பழகியவர்கள் நாளை விமானச் சோதனைக் கூடத்துக்குப் போனால் மூன்று மாற்றங்களைப் பார்ப்பார்கள். விளக்கு கண்ணாடிக் குமிழ் விளக்காக இருக்காது. கண்ணாடி 5 மைக்ரானுக்கு மேல் விடாது, ஹாலானுக்கோ 8, 9 மைக்ரான் வேண்டும். அதனால் திறந்த சூடேற்றித் தகடு இருக்கும். ஜன்னல் மாறும், மேலே சொன்னேன். மூன்றாவது, ஈரம் அங்கே இவ்வளவு தொந்தரவு செய்யாது. 8 முதல் 12 மைக்ரான் வரை நீராவி குறைவாகவே விழுங்கும், பூமியே அந்த இடைவெளி வழியாகத்தான் தன் சூட்டில் பெரும் பங்கை நேரே விண்வெளிக்கு விடுகிறது. ஹாலானும் அதன் உறவு வாயுக்களும் சரியாக அந்த இடைவெளியில் உட்கார்ந்து மறிப்பதால்தான் அவை பூமியைச் சூடாக்கும் வாயுக்களாகவும் இருக்கின்றன. அளக்க வசதியான அதே குணம் வளிமண்டலத்துக்குக் கேடு.

ஆகவே ஹாலான் போகவேண்டியதுதான். 2024 நவம்பர் 28 முதல் புது வடிவமைப்புக்கு அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்கும் விமானங்களின் சரக்கு அறையில் ஹாலான் கூடாது என்பது சர்வதேச சிவில் விமான அமைப்பின் விதி. ஐரோப்பிய ஒன்றியம் சரக்கு அறைகளில் அதன் கடைசி ஆண்டாக 2040ஐ வைத்திருக்கிறது. மாற்று வாயு எதுவானாலும் அது எந்த அலைநீளத்தில் விழுங்குகிறது என்று பார்த்து வடிகட்டியை மாற்றவேண்டும், எத்தனை சதவீதம் எத்தனை நேரம் என்ற கேள்வியை முதலிலிருந்து கேட்கவேண்டும்.

படி 8: முடித்து வைப்பது

சோதனை முடிந்ததும் மோட்டாரை அரைமணி ஓட்டிக் கேனைக் காயவிடுங்கள். மாடி மாதிரித் திறந்த இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். கேனுக்குள் முகத்தை நுழைத்துப் பார்க்காதீர்கள். கரியமில வாயு 4 சதவீதமே உயிருக்கு ஆபத்தான அளவாகக் கருதப்படுகிறது. அறைக்குள் தீயணைப்பு சிலிண்டரைத் திறந்து இந்தச் சோதனையைப் பெரிதாகச் செய்து பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதி, அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், சோடா எடை, மூன்று சென்சாரின் எண், விசிறி நிலை ஆகியவற்றைக் குறியுங்கள். வாடைக்காற்று தொடங்குமுன் சென்சார்களைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான டப்பாவில் மூடி வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி பயன்படும். மழை முடிந்து எடுக்கும்போது சிரிஞ்சில் 5 சதவீதம் செய்து, மூன்று சென்சாரும் முன்பு சொன்னதையே சொல்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கேனில் மாட்டுங்கள்.